இரும்பு மிகுந்த நிலமும் இரும்பின்றி வெளுக்கும் பயிரும்

ஆவணி, புரட்டாசி மாதங்களில் நாலைந்து நாட்கள் விடாது மழை பெய்து ஓய்ந்த பின்னர், சுக்கான் கல் கலந்த நிலத்தில் நிலக்கடலை பயிரிட்டிருக்கும் குடியானவர் தம் வயலுக்குச் சென்றால், பல சமயங்களில் மனங் கலங்கத் தக்க காட்சியைக் காண்பது உண்டு. முந்திய வாரம் கரும்பச்சையாயிருந்த செடிகளின் கொழுந்திலைகள் மஞ்சளித்தும், சிற்சில இடங்களில் தந்தம் போல வெளுத்தும் நிற்கும். உரம் போதவில்லை என்று அவர் எண்ணுகிறார். கைப்பொருளைச் செலவிட்டு யூரியா வாங்கி இடுகிறார். பத்து நாட்கள் சென்றும் பயிர் பச்சை கட்டுவதில்லை. பூக்கும் தருணமும் விழுது இறங்கும் தருணமும் இதற்குள் கடந்துவிடுகின்றன. செலவு செய்த பணமும் வீண், காய்ப்பும் குறைவு.

இந்த நஷ்டத்துக்குக் காரணம் அவருடைய சோம்பலன்று. நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுத்ததேயாகும். அப்பயிருக்கு வேண்டியிருந்தது தழைச்சத்து அன்று, இரும்புச் சத்து. ஆனால் அந்த நிலத்தில் இரும்பு இல்லையா என்றால், ஏராளமாக இருக்கிறது. இருந்தும் பயிருக்குக் கிடைப்பதில்லை. இந்த விசித்திரத்தின் காரணத்தை நிலவுடையவர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்துகொண்டால் வீண் செலவையும் விளைச்சல் குறைவையும் பெரிதும் தவிர்க்கலாம்.

நிலத்திலுள்ள இரும்பின் அளவு

ஓர் ஏக்கர் நிலத்தில் உழவுசால் ஆழத்துக்கு, அதாவது மேல் 15 சென்டிமீட்டருக்கு உள்ள மண்ணை நிறுத்தால் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ இருக்கும். சாதாரண விளைநிலங்களில் இரும்பின் பங்கு பெரும்பாலும் நூற்றுக்கு 1 முதல் 5 வரை இருப்பதால், நடுத்தரமாக நூற்றுக்கு 3 என்று வைத்துக்கொண்டாலும் அந்த ஏக்கரில் 27,000 கிலோ இரும்பு இருக்கிறது. பயிரோ ஒரு போகத்தில் ஓர் ஏக்கரிலிருந்து எடுத்துக்கொள்ளும் இரும்பு பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் குறைவு. இவ்வாறு பார்த்தால் நம் நிலங்களுக்கு இரும்புப் பஞ்சம் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு வரக் காரணமில்லை.

ஆயினும் இந்த 27,000 கிலோவில் பெரும்பகுதி கல்லோடு கல்லாகவும், துருவாகவும் இறுகிக் கிடப்பது. வேரானது நீரில் கரைந்துள்ள பொருளையே உறிஞ்சவல்லது. பயிருக்குக் கிடைக்கக்கூடிய இரும்பை அளப்பதற்கென்றே மண் பரிசோதனை நிலையங்களில் ஒரு தனிக் கரைசலைக்கொண்டு மண்ணைச் சோதிக்கிறார்கள். லின்ட்ஸே, நார்வெல் என்னும் இரு விஞ்ஞானிகள் 1978-ம் ஆண்டில் வெளியிட்ட இம்முறையில், 10 லட்சம் பங்கு மண்ணில் இத்தகைய இரும்பு 4.5 பங்குக்கு மேலிருந்தால் போதுமென்றும், அதற்குக் குறைந்தால் பற்றாக்குறை ஏற்படக் கூடுமென்றும் வரையறுத்தார்கள். இந்த எல்லையளவை நமது ஏக்கர் கணக்கில் சொன்னால் 4 கிலோதான் வரும். பத்தாயம் நிறைய நெல்லிருந்தும் திறவுகோலைத் தொலைத்துவிட்ட வீட்டார் பட்டினி கிடப்பதைப் போன்றது பயிரின் நிலைமை. ஆகையால் நாம் ஆராய வேண்டியது நிலத்தில் எவ்வளவு இரும்பு உண்டு என்பதையன்று. அதைப் பூட்டி வைத்திருப்பது எது என்பதையே.

இரும்பைப் பூட்டுவது எது?

முதற் காரணம் மண்ணின் காரத்தன்மை. மண் புளிப்பானதா, காரமானதா என்பதைப் பி.எச். எண்ணால் குறிப்பது வழக்கம். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே புளிப்பும், மேலே காரமும் ஆகும். இந்த எண் ஒன்று கூடுமானால், துருவிலிருந்து நீரில் கரைந்து வரும் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துபோகிறது. 6 உள்ள நிலத்திற்கும் 8 உள்ள நிலத்திற்கும் இவ்விஷயத்தில் உள்ள பேதம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள பேதமேயாம்.

இரண்டாவது காரணம் சுண்ணாம்பு. சுக்கான் கலந்த மண்ணில் நீர் தேங்கும்பொழுது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரியமிலவாயு மேலே எழும்ப வழியின்றி நீரிற் கலந்து சுண்ணாம்பைக் கரைக்கிறது. இதனால் பைகார்பனேட் என்னும் உப்பு மண்நீரில் மிகுகிறது. இவ்வுப்பு, வேர் இரும்பை உட்கொள்வதையும், உட்கொண்ட இரும்பு இலையில் பயன்படுவதையும் தடைசெய்கிறது. அடைமழைக்குப் பின் நிலக்கடலை வெளுப்பதற்கும், ஈரம் சற்றே வாடியதும் சில வயல்களில் தானாகவே பச்சை திரும்புவதற்கும் இதுவே காரணம். உப்புக் கிணற்றுநீரை அடிக்கடி பாய்ச்சுவதாலும் இக்கேடு விளையலாம்.

மூன்றாவதாக, மணிச்சத்து உரத்தைத் தேவைக்கு மேல் ஆண்டுதோறும் இட்டு வந்தாலும், மக்கு குறைந்து நிலம் வறண்டுபோனாலும் இரும்பு கிடைப்பது குறைகிறது.

மண் வகைகளும் அவற்றின் இயல்பும்

செம்மண்:—இதன் சிவப்பு நிறமே இரும்புத் துருவால் வந்தது. சுண்ணாம்பு கலவாத செம்மண் பெரும்பாலும் நடுநிலையாகவோ சற்றுப் புளிப்பாகவோ இருப்பதால், பயிருக்கு இரும்பு தட்டுப்படுவது அரிது. ஆனால் நிறத்தை மட்டும் நம்பியிருத்தல் தகாது. கோயமுத்தூர்ப் பக்கத்தில் காண்பது போல, மேலே சிவந்திருந்து அடியில் சுக்கான் படிந்த நிலங்களும் உண்டு. அவற்றில் பயிர் வெளுப்பதைக் கண்டு, “சிவந்த மண்ணில் இரும்புக் குறை வருமா?” என்று ஐயுற வேண்டியதில்லை. துரு வேறு, உணவு வேறு. சேலத்தை அடுத்த கஞ்சமலையில் காந்த இரும்புத் தாது மிகுதியாக உண்டென்பது பிரசித்தம். எனினும் அத்தாதுப் பாறையைப் பொடித்து வயலில் இட்டாலும் பயிருக்கு உடனே ஒரு பயனும் விளையாது.

கரிசல் மண்:—கோவில்பட்டி, சாத்தூர் முதலிய இடங்களிலும் கோயமுத்தூர் ஜில்லாவிலும் பரந்துள்ள கரிசலில் மொத்த இரும்புக்குக் குறைவில்லை. ஆனால் சுண்ணாம்பு கலந்து, பி.எச். எண் 8-ம் அதற்கு மேலுமாக இருப்பது இம்மண்ணின் பொது இயல்பு. இரும்புப் பற்றாக்குறையை முதலில் எதிர்பார்க்க வேண்டிய நிலங்களில் இது ஒன்று. சோளம், நிலக்கடலை, கரும்பு, மல்லிகை ஆகியவற்றில் வெளுப்புக் கண்டால் உடனே இவ்விஷயத்தை நினைவிற் கொள்ளல் நலம்.

களர் நிலம்:—இங்கே காரத்தன்மை 8.5-க்கும் மேற்பட்டிருக்கும். இரும்பு மாத்திரமன்றித் துத்தநாகமும் பயிருக்குக் கிடைப்பதில்லை. ஜிப்சம் இட்டு, நல்ல நீர் தேக்கி, வடித்து, நிலத்தைச் சீர்திருத்துவதே முதல் வேலை. சத்துக்களைத் தனித்தனியே இடுவது அதற்குப் பிந்தியதே.

செம்பாறை மண்:—தஞ்சாவூரை அடுத்த வல்லம் முதலிய இடங்களிலும், மேற்குக் கடற்கரையிலும் காணப்படும் இம்மண் இரும்பு மிகுந்தது, புளிப்பானது. 1807-ம் ஆண்டில் புக்கானன் என்பார் மலையாளத்து அங்காடிப்புரத்தில் இக்கல்லை வெட்டிக் கட்டடத்துக்குச் செங்கல்லாக உபயோகிப்பதைக் கண்டு, செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லினின்றே இதற்கு ‘லாட்டரைட்’ என்று பெயரிட்டார். இங்கே இரும்பு குறைவு என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. மாறாக, இரும்பே மணிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பயிருக்குக் கொடாமற் செய்கிறது.

நன்செய் வண்டல்:—நீர் தேங்கிய நெல் வயலின் கதை முற்றிலும் வேறு. நீர் தேங்கியவுடன் மண்ணிலுள்ள பிராணவாயுவை நுண்ணுயிர்கள் சில நாட்களிலே செலவழித்துவிடுகின்றன. பின்னர் அவை துருவிலுள்ள பிராணவாயுவைக் கொண்டு ஜீவிக்கத் தொடங்குவதால் துரு சிதைந்து, கரையக்கூடிய இரும்பாக மாறுகிறது. சேற்றைக் கிளறினால் கருத்தும் நீலம் பாய்ந்தும் காண்பது இந்த மாறுதலின் அடையாளமே. இலங்கையைச் சேர்ந்த பொன்னம்பெரும என்னும் மண் ரஸாயன சாஸ்திரி, நீரில் மூழ்கிய மண்ணின் ரஸாயனத்தைப் பற்றி 1972-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதனை விரிவாக விளக்கியிருக்கிறார். புழுதி நாற்றங்காலில் வெளுத்து நின்ற நெல் நாற்று, நீர் தேக்கினவுடன் பச்சை கட்டுவதன் ரகசியமும் இதுவே.

இரும்பு மிகுந்தாலும் கேடு

புளிப்பு மிகுந்து, வடிகாலற்ற பள்ள நிலங்களில் இந்த மாறுதல் அளவு மீறி, பயிருக்கு நஞ்சாகவும் ஆகக்கூடும். மேட்டுச் செம்பாறை நிலத்தின் ஊற்றுநீர் வந்து இறங்கும் பள்ள வயல்களில் இதனை அதிகமாகக் காணலாம். அடியிலைகளின் நுனியிலிருந்து சிறு பழுப்புப் புள்ளிகள் தோன்றிப் பரவி, இலை முழுவதும் வெண்கல நிறமாகும். வேர்களில் துரு தடித்துப் படிந்திருக்கும். வாய்க்காலோரத்து நீரில் எண்ணெய் போன்ற பளபளப்பான படலம் மிதக்கும். ஒரு குச்சியால் அதைத் தொட்டால், மெய்யான எண்ணெய் மீண்டும் கூடிக்கொள்ளும். இரும்புப் படலமோ ஓடு உடைவது போலத் துண்டு துண்டாகப் பிரியும். இத்தகைய வயலுக்கு இரும்பு இடுதல் எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்ப்பதேயாகும். இடையில் நீரை வடித்து மண்ணைக் காயவிடுதலும், வடிகால் வெட்டுதலும், தேவையறிந்து சுண்ணாம்பு இடுதலும், சாம்பல் சத்தைக் குறைவின்றிக் கொடுத்தலுமே பரிகாரங்கள்.

குறையைக் கண்டறியும் விதம்

இலையின் பச்சையத்தில் இரும்பு அடங்கியிருப்பதில்லை. அதன் நடுவில் இருப்பது மக்னீஷியம். எனினும் பச்சையம் உண்டாவதற்கு இரும்பு இன்றியமையாதது. மேலும், ஓர் இலையிற் சேர்ந்த இரும்பு அங்கிருந்து புதிய இலைக்கு எளிதில் நகர்வதில்லை. ஆகவே குறை முதலிற் காண்பது கொழுந்திலேயே. பின்வரும் பேதங்களைக் கவனித்தால் மயக்கம் நேராது.

தழைச்சத்துக் குறைந்தால் அடியிலை முதலில் மஞ்சளிக்கும். இலை முழுவதும் ஒரே சீராக வெளிறும்.

மக்னீஷியம் குறைந்தால் அடியிலையிலேயே நரம்புகள் பச்சையாயிருக்க இடைப்பகுதி மஞ்சளிக்கும்.

கந்தகம் குறைந்தால் கொழுந்திலை மஞ்சளிக்கும். ஆனால் நரம்பும் சேர்ந்து வெளிறும்.

இரும்பு குறைந்தால் கொழுந்திலையில் நரம்புகள் மாத்திரம் பச்சைக் கோடுகளாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகும். குறை முற்றினால் இலை முழுவதும் வெளுத்துவிடும்.

இதனினும் உறுதியான சோதனை ஒன்றுண்டு. 1840-களில் பிரான்ஸ் தேசத்தில் கிரி என்னும் விஞ்ஞானி, வெளுத்த இலைகளில் இரும்பு உப்பின் கரைசலைத் தடவ, தடவிய இடம் பச்சையாவதைக் கண்டறிந்தார். இதை எவரும் தம் வயலிலேயே செய்து பார்க்கலாம். நூறு மில்லி நீரில் அரை கிராம் அன்னபேதியைக் கரைத்து, வெளுத்த சில இலைகளில் ஒரு பாதிக்கு மாத்திரம் துணியால் தடவி அடையாளமிட்டு வைக்கவும். சில நாட்களில் தடவிய பாதி பச்சையாகி, மறு பாதி வெளுத்தே இருக்குமானால் குறை இரும்பே என்பதில் ஐயமில்லை. மாறுதல் ஒன்றும் இல்லையெனில் வேறு காரணத்தைத் தேட வேண்டும். காசு செலவில்லாத இச்சோதனையைச் செய்யாமல் மூட்டை மூட்டையாக உரம் வாங்குதல் அறிவுடைமையாகாது.

மண்ணில் சுண்ணாம்பு உண்டா என்பதை அறிய, ஒரு பிடி உலர்ந்த மண்ணின்மேல் எலுமிச்சம் பழச்சாற்றைப் பிழிந்து பார்க்கலாம். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மிகுதியாக உண்டு.

பரிகாரம்

அன்னபேதி எனப்படும் பச்சை நிற உப்பில் நூற்றுக்கு 19 அல்லது 20 பங்கு இரும்பு உள்ளது. இதனை அப்படியே சுண்ணாம்பு நிலத்தில் தூவினால் விரைவில் துருவாகி, முன்னிருந்த 27,000 கிலோவோடு சேர்ந்துகொள்ளுமேயன்றிப் பயிருக்குப் பயன்படாது. திறந்து வைத்த அன்னபேதி பழுப்பேறுவதைக் கடைகளிலும் காணலாம்; அவ்வாறு பழுத்ததை வாங்கலாகாது. ஆதலால் வெளுப்புக் கண்ட பயிருக்கு இலை வழியாகக் கொடுப்பதே சிறந்த முறை.

10 லிட்டர் நீரில் முதலில் 10 கிராம் சிட்ரிக் அமிலத்தையோ, அது கிடையாவிடில் இரண்டு மூன்று எலுமிச்சம் பழங்களின் சாற்றையோ கலந்து, பிறகு 100 கிராம் அன்னபேதியைக் கரைத்து வடிகட்டித் தெளிக்க வேண்டும். இளம் பயிருக்கும் மென்மையான இலையுடைய செடிகளுக்கும் 50 கிராமே போதும். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் தேவைப்படும். கரைசலை அன்றன்றைக்கே தயாரித்து, வெயில் தணிந்த மாலையில் தெளித்தல் நலம். புதிய கொழுந்துகளுக்கு இரும்பு நகர்ந்து செல்லாதாகையால், 10 நாட்களுக்கு ஒரு முறையாக இரண்டு மூன்று தடவை தெளிக்க வேண்டும். மணிச்சத்து உரங்களை இக்கரைசலோடு கலத்தலாகாது. கலந்தால் இரண்டும் திரிந்து பயனற்றுப் போகும்.

நிலத்துக்கு இட விரும்புவோர், ஏக்கருக்கு 20 கிலோ அன்னபேதியை 200 கிலோ மக்கிய தொழு உரத்தோடு கலந்து, புட்டு மாவின் பதத்தில் ஈரமாக்கி, நிழலில் ஒரு மாதம் மூடிவைத்திருந்து அதன்பின் இடலாம். எருவிலுள்ள மக்குப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு துருவாகாமல் காத்து, வேருக்குக் கொடுக்கிறது. ஆண்டுதோறும் ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இடும் நிலத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, மண்ணில் முன்னரே கிடக்கும் இரும்பும் சிறிது சிறிதாக விடுபடும்.

கடைகளில் விற்கப்படும் கூட்டு இரும்பு மருந்துகளை வாங்குவோர் ஒன்றை விசாரித்து அறிதல் வேண்டும். ஈ.டி.டி.ஏ. என்பதோடு கூட்டிய இரும்பு இலைத்தெளிப்புக்கு ஏற்றதாயினும், சுண்ணாம்பு நிலத்தில் இட்டால் நிலைத்து நிற்பதில்லை. ஈ.டி.டி.எச்.ஏ. என்பதோடு கூட்டியதே அத்தகைய நிலத்திலும் நிலைக்கும். ஆனால் அதன் விலை அதிகமாகையால் திராட்சை, எலுமிச்சை போன்ற விலையுயர்ந்த பயிர்களுக்கே அது கட்டுப்படியாகும்.

இவையெல்லாவற்றிற்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது நீர் நிர்வாகம். சுக்கான் நிலத்தில் நீர் தேங்காதபடி வடிகால் அமைத்து, பாய்ச்சலின் இடைவெளியைச் சற்று நீட்டினாலே பல வயல்களில் வெளுப்புக் குறையும். இதற்குப் பணச் செலவு இல்லை.

மண் மாதிரியும் கிராம அதிகாரிகளின் கடமையும்

2015-ம் ஆண்டில் மத்திய அரசாங்கம் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் சோதிக்கப்படும் 12 விவரங்களுள் இரும்பும் ஒன்று. ஆனால் மாதிரி தவறினால் முடிவும் தவறும். மண்வெட்டியால் குழி வெட்டலாம். எனினும் அதன் இரும்பு பட்ட மண்ணை மூங்கிற் சிம்பால் சீவி அப்புறப்படுத்திவிட்டு, மேலிருந்து 15 சென்டிமீட்டர் ஆழம் வரை ஒரே கனமாகச் சீவி எடுக்க வேண்டும். துருப்பிடித்த வாளியிலோ தகரத்திலோ சேர்க்கலாகாது. பிளாஸ்டிக் வாளியே ஏற்றது. ஒரு வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்ததைக் கலந்து, நாற்பங்காக்கிக் கழித்து, அரைக் கிலோவைத் தூய துணிப்பையில் இட்டு அனுப்புதல் வேண்டும். வரப்போரம், எருக்குழி, மரநிழல் ஆகிய இடங்களை விலக்குக.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்க உதவியும் ஒன்றுண்டு. மழைக்குப் பின் எந்தெந்த சர்வே நம்பர்களில் பயிர் வெளுக்கிறது என்பதை ஆண்டுதோறும் குறித்துவைத்தால், சில ஆண்டுகளில் கிராமத்திலுள்ள சுண்ணாம்பு நிலங்களின் படம் தானே உருவாகிவிடும். வெளுப்பு ஒரே வயலில் திட்டுத் திட்டாகத் தோன்றுவதும், ஆண்டுதோறும் அதே திட்டுகளில் மீள்வதும் இக்குறையின் இயல்பு. அக்குறிப்பு, வேளாண்மை அலுவலருக்கு எந்த வயலில் மாதிரி எடுக்க வேண்டுமென்பதைக் காட்டும். நிலம் வாங்குவோருக்கும் குத்தகைக்கு எடுப்போருக்கும் எந்தப் பயிர் ஏற்றதென்பதை உணர்த்தும்.

முடிவுரை

இரும்பு நம் நிலத்தில் இல்லாததன்று, கிடையாதது. செம்மண்ணிலும் கரிசலிலும் களரிலும் நன்செயிலும் அதன் நடத்தை வெவ்வேறு. ஒரு நிலத்துக்கு மருந்தானது மற்றொன்றுக்கு நஞ்சாகக் கூடும். ஆகவே பயிர் மஞ்சளித்தவுடன் உரக்கடையை நோக்கி நடவாமல், முதலில் கொழுந்திலையைப் பாருங்கள், பாதி இலையில் அன்னபேதி நீரைத் தடவிப் பாருங்கள், தேங்கிய நீரை வடியுங்கள், மண்ணைச் சோதித்தறியுங்கள். அதன் பின்னர்ச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் களத்துமேட்டில் விளைச்சலாகத் திரும்பி வரும்.